மாதவிடாய் நாள்களில் வயிற்றுத் தொல்லை: தேதி பார்த்துச் செய்யும் கைவைத்தியம்

சிங்கப்பூரில், ஈசூனில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேசில் இறங்குவதற்குள் எந்தெந்த நிலையத்தில் கழிவறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஊர் சுற்றும் ஆசையால் கற்றுக்கொண்டதல்ல. மாதம் ஒருமுறை, மாதவிடாயின் முதல் நாள் காலையில், பீஷானுக்கும் நொவீனாவுக்கும் நடுவே வயிறு கற்றுக்கொடுத்த பாடம் அது. அதற்கு முந்தைய நான்கைந்து நாள்களோ நேர்மாறாக இருக்கும்: வயிறு உப்பி, பாவாடை நாடா இறுகி, காலைக்கடன் கழியாமல் அலுவலகம் போவேன்.

நான் மருத்துவர் அல்ல, கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். இரண்டு ஆண்டு தட்டுத்தடுமாறி எனக்குப் பலித்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கஞ்சி காய்ச்சவும் மோர் கடையவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மாதச் சுழற்சியில் இறுகும் பாதியா, இளகும் பாதியா என்று பாருங்கள்

இதைச் செய்யாமல்தான் நான் கெட்டேன். ஒருமுறை மூன்று நாளாக வயிறு கல்லாகக் கிடந்தது. அத்தை, அதாவது என் மாமியார், "விளக்கெண்ணெய் ஒரு கரண்டி குடித்துவிட்டுப் படு, காலையில் சரியாகிவிடும்" என்றார். குடித்தேன். அன்று இரவே மாதவிடாய் வந்துவிட்டது. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கருமுட்டை வெளியேறியபின் உடலில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது குடலின் தசையையும் தளர்த்துவதால் உண்டது மெல்ல நகர்கிறது, மலம் இறுகுகிறது, காற்று தங்குகிறது. மாதவிடாய் தொடங்கும் வேளையில் அந்த ஹார்மோன் சரிந்து, கருப்பையின் உள்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. கருப்பையைச் சுருக்கி உதிரத்தை வெளியேற்றுவது அதன் வேலை. பக்கத்து வீட்டுக்காரரான குடலையும் அது சும்மா விடுவதில்லை. அதனால்தான் நேற்றுவரை பூட்டிக்கிடந்த வயிறு இன்று திறந்துகொள்கிறது. விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலெயிக் அமிலமும் புரோஸ்டாகிளாண்டின் தட்டும் அதே கதவுகளில் ஒன்றைத்தான் தட்டுகிறது என்று 2012இல் எலிகளை வைத்துக் காட்டினார்கள். ஆக, அன்று நான் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

கைப்பேசிச் செயலி எதுவும் வேண்டாம். சமையலறை நாள்காட்டியில் மூன்று மாதம் இரண்டே குறிகள் போடுங்கள்: இறுகிய நாளுக்கு ஒரு கோடு, இளகிய நாளுக்கு ஒரு வட்டம். செயலிகள் மனநிலை, முகப்பரு என்று இருபது கேள்வி கேட்கின்றன. நான் நான்காம் நாளே அதை அழித்துவிட்டேன்.

படி 2: கோடு போட்ட நாள்கள்

மாதவிடாய் எதிர்பார்க்கும் தேதிக்கு ஐந்து நாள் முன்பே தொடங்குங்கள். காலையில் ஒரு கிண்ணம் பப்பாளி, மதியம் கீரை, நாள் முழுவதும் தண்ணீர். இரவு உணவுக்குப் பின் இருபது நிமிடம் நடை. மழை பெய்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலேயே சுற்றி வரலாம். சுண்டல், முட்டைக்கோஸ், காற்றடைத்த பானங்கள் ஆகியவற்றை இந்த ஐந்து நாளுக்கு ஒதுக்கிவைத்தேன். உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டால் நூடல்ஸைத் தின்றுவிட்டுச் சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். உப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது, உப்பு கூடினால் உடலில் நீர் கோத்து வயிறு இன்னும் கனக்கும்.

படி 3: ஓமத் தண்ணீர்

நான் அதிகம் சொதப்பியது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் முறை ஒரு மேசைக்கரண்டி ஓமத்தைப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். அடுக்குமாடி நடைபாதை முழுக்க மணத்தது, பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி எட்டிப் பார்த்து என்ன சமையல் என்று விசாரித்தார். குடித்தால் கசப்பும் காரமும் சேர்ந்து நெஞ்சு எரிந்தது, வயிறு இளகவில்லை. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால் ஆவியோடு பறந்துபோகக்கூடியது. கால் மணி நேரம் திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் மருந்து வீட்டுக்கு, கசப்பு நமக்கு.

சரியான முறை இது. அரைத் தேக்கரண்டி ஓமம், அதற்கு மேல் வேண்டாம். வெறும் சட்டியில் மணம் எழும்வரை, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வறுங்கள். கருகினால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அதை ஒன்றிரண்டாக நசுக்கிக்கொள்ளுங்கள். 300 மில்லிலிட்டர் தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகு ஓமத்தைப் போட்டு உடனே மூடுங்கள். பத்து நிமிடம் திறந்து பார்க்காதீர்கள். வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, சாப்பிட்ட அரை மணி நேரம் கழித்து மெல்லக் குடியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு குவளை போதும்.

நசுக்குவதற்குத் தேக்கா சந்தையில் வாங்கிய சின்ன இடிகல்தான் என் கட்சி. அரைத் தேக்கரண்டிப் பொருளை மிக்சியில் போட்டால் பாதி மூடியில் ஒட்டிக்கொள்கிறது, மீதி மாவாகி வடிகட்டியை அடைக்கிறது. குடுவையில் ஊற்றி அலுவலகம் கொண்டுபோவதானால் அதற்கென்று ஒன்றைத் தனியாக வையுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் ஏறிய ஓம மணம் லேசில் போகாது. என் கணவரின் தேநீரே சாட்சி.

படி 4: வட்டம் போட்ட நாள்கள்

முதல் இரண்டு நாள் பப்பாளியும் கீரையும் ஓய்வெடுக்கட்டும். குழைந்த சோறு, பெருங்காயம் போட்ட நீர்மோர், வாழைப்பழம். வெளியில் என்றால் பால் சேர்க்காத மீன் சூப்பும் சோறும். இந்த நாளில் சூப்பைக் குடிக்கலாம், வெளியேறும் நீருக்கு ஈடு வேண்டுமே.

காலைக் கோப்பிதான் எனக்குப் பெரிய இழப்பு. இங்குள்ள கோப்பிக்கடைகளில் பெரும்பாலும் ராபஸ்டா கொட்டைதான், அதில் அரபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் இருக்கிறது. கஃபீன் குடலை முடுக்கும். ஏற்கெனவே ஓடுகிற குதிரைக்குச் சவுக்கடி எதற்கு? அதற்குப் பதில் இஞ்சித் தண்ணீர்: ஓர் அங்குல இஞ்சியைத் தோல் சீவி நசுக்கி, ஒரு குவளை நீரில் ஐந்து நிமிடம் சிறுதீயில் வையுங்கள். கடையில் தே ஹாலியா என்ற இஞ்சித் தேநீர் கிடைக்கும், ஆனால் சர்க்கரையும் கெட்டிப்பாலும் சேர்ந்த அந்த இனிப்பு இந்த நாளில் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

படி 5: ஒத்தடம்

மின்சார ஒத்தடப் பட்டையை நான் பரிந்துரைப்பதில்லை. ஒயரோடு கட்டிப்போட்ட ஆடு மாதிரி கட்டிலில் கிடக்க வேண்டும். ரப்பர் வெந்நீர்ப் பை போதும். கொதிநீர் ஊற்றாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடி, துண்டில் சுற்றி அடிவயிற்றில் இருபது நிமிடம் வையுங்கள். பிரிட்டிஷ் தரநிலைப்படி செய்த பைகளில் பூப்போன்ற ஒரு முத்திரை இருக்கும்: நடுவில் தயாரித்த ஆண்டு, இதழ்களில் மாதங்கள். பழைய ரப்பர் வெடிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

பின்னர் சேர்த்தவை

கருத்துப் பகுதியில் வந்தவற்றைப் பார்த்து இவற்றைச் சேர்க்கிறேன்.

நெஞ்செரிச்சல் உள்ள ஒருவர் இஞ்சி தமக்கு ஆகவில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான், அப்படிப்பட்டவர்கள் ஓமம், இஞ்சி இரண்டையும் விட்டுவிட்டு ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போட்ட சீரகத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இஞ்சியைக் கைவைத்தியமாக எடுப்பதற்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். கருவுற்றிருக்க வாய்ப்பு இருந்தால் விளக்கெண்ணெய்ப் பக்கமே போகாதீர்கள், ஓமத் தண்ணீரும் வேண்டாம்.

இன்னொருவர் எல்லாம் செய்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றார். பேசிப் பார்த்ததில், குமட்டலுக்காக நாள் முழுக்கச் சர்க்கரையில்லாப் புதினா மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவற்றில் பலவற்றில் இனிப்புக்குச் சார்பிட்டால் சேர்க்கிறார்கள். அளவு மிஞ்சினால் அதுவே பேதி மருந்து. மிட்டாயை நிறுத்தியதும் அவருக்குச் சரியாயிற்று.

இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்குக் கோட்டு நாள்கள் நீளலாம், அந்த மாத்திரையே மலத்தை இறுக்கக்கூடியது. நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தாளரிடம் சொன்னால் வேறு வகையோ வேறு அளவோ இருக்கிறதா என்று பார்ப்பார்.

மூன்றாவது கடிதம்தான் என்னை உட்காரவைத்தது. ஒவ்வொரு மாதமும் மலம் கழிக்கும்போதே உயிர்போகும் வலி என்றும், எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்று பத்து ஆண்டு பொறுத்துக்கொண்டதாகவும் ஒரு தங்கை எழுதியிருந்தார். இதற்கு ஓமமும் இல்லை, ஒத்தடமும் இல்லை. கருப்பை உள்சுவரைப் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இப்படியும் காட்டிக்கொள்ளும். அந்த வலி, மலத்தில் ரத்தம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, மணிக்கு ஓர் அணையாடை நனைவது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடத்துக்குக் கடிதம் தருவார்கள். கோடும் வட்டமும் போட்ட நாள்காட்டியைக் கையோடு கொண்டுபோங்கள், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதில் பதில் இருக்கும்.

பலரும் கேட்டுவிட்டார்கள்: விளக்கெண்ணெய்ப் புட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அத்தை இப்போது அதைப் புருவத்துக்குத் தடவிக்கொள்கிறார்.