வீட்டுக்குப் பின்னால் காய்ந்த புல்: மெல்பர்ன் கிளம்பும் சேலத்துக்காரர்களுக்கு

விடுமுறைக்குச் சேலம் வந்திருக்கிறேன். நேற்று ராத்திரி கன்னங்குறிச்சி வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், சேர்வராயன் மலைச்சரிவில் செம்மண் நிறத்தில் ஒரு தீக்கோடு வளைந்து வளைந்து எரிந்துகொண்டிருந்தது. "வருஷா வருஷம் எரியறதுதான், அணைஞ்சிரும்" என்றார் மாமா. பக்கத்தில் நின்ற அக்கா மகன் அடுத்த மாதம் மெல்பர்ன் போகிறான். மெல்டன் பக்கம், ஊரின் கடைசித் தெருவில் வீடு. வேலிக்கு அப்பால் வெறும் புல்வெளி. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அங்கே கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பச்சைப் புல் பழுத்து வைக்கோல் நிறமானால் அது எரியத் தயார் என்று அர்த்தம். புல் தீ காட்டுத் தீயைவிட வேகமாக ஓடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை என்று மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் தீயணைப்புத் துறையே சொல்கிறது. ஓடி ஜெயிக்க முடியாது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 2021 டிசம்பர் 30 அன்று, குளிர்காலத்திலேயே, புல்வெளியில் பிடித்த தீ சூறைக்காற்றோடு ஊருக்குள் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது.

அதனால் வேலையைச் சுவரிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டை ஒட்டி ஒன்றரை மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் வேண்டாம். வாசலில் போடும் தேங்காய் நார் மிதியடி, சுவரோரம் சாய்த்த அட்டைப்பெட்டி, காய்ந்த துளசித்தொட்டி எல்லாம் பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். கூரைத் தகரக் கால்வாயில் சேரும் சருகை மறக்காமல் வாருங்கள். பறந்து வரும் தீப்பொறி அங்கேதான் தங்கும். புல்லை 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர விடாதீர்கள். வெட்டுவதைக் குளிர்ந்த காலையில் முடித்துவிடுங்கள். வெயிலும் காற்றும் உள்ள மத்தியானத்தில் புல்வெட்டியின் பிளேடு ஒரு கல்லில் உரசினாலே போதும், பொறி பறக்கும். காரையும் காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் பொங்கல். ஜனவரி அங்கே உச்சக் கோடை. முழுத் தீத்தடை (டோட்டல் ஃபயர் பேன்) அறிவித்த நாளில் வெளியில் விறகு மூட்டவே கூடாது. பானையைச் சமையலறை அடுப்பில் வையுங்கள், பொங்கத்தான் போகிறது. போகிக்குப் பழைய பாயைக் கொளுத்தும் எண்ணமே வேண்டாம்.

காலையில் விக் எமர்ஜென்சி (விக்டோரியா அரசின் அவசர எச்சரிக்கை) செயலியைப் பாருங்கள். தீ ஆபத்து நான்கு படி: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராபிக். கடைசிப் படி என்றால் முதல் நாள் இரவோ அன்று விடியற்காலையிலோ கிளம்பிவிட வேண்டும். வடக்கிலிருந்து வீசும் அனல்காற்று திடீரென்று தென்மேற்காகத் திரும்பும். அப்போது தீயின் நீண்ட பக்கவாட்டு முழுதும் முகப்பாகிவிடும். விக்டோரியாவில் 2009 பிப்ரவரி 7 அன்று தீயில் 173 பேர் இறந்த நாளில் இந்தத் திருப்பமும் இருந்தது.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் அவர்களுக்கும் தெரிய வேண்டும். புல்வெளி பற்றினால் வேடிக்கை பார்க்க வேலிப் பக்கம் போகாமல், குறைந்தது இரண்டு தெரு உள்ளே தள்ளி நடக்க வேண்டும். ஒரு சாயங்காலம் அவர்களோடு அந்த வழியே நடந்து காட்டுங்கள். அவசரத்துக்கு 000. தமிழில் பேச மொழிபெயர்ப்புச் சேவையான 131 450-ஐ அழைத்து, விக் எமர்ஜென்சி எண்ணான 1800 226 226-க்கு இணைக்கச் சொல்லலாம். இந்த மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.