ஏழு நாள் முகாம்: கண்மாய்க்கரையில் மாணவர்கள் செய்யும் தவறுகள்

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் கல்லூரி மாணவருக்கு வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் பணி. அது போக, ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். இரண்டையும் முடித்தால்தான் சான்றிதழ். 1969-ல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியதிலிருந்து மணிக்கணக்குக்கு நோட்டு உண்டு. வைத்த செடி அடுத்த ஆடியில் உயிரோடு இருந்ததா என்று எழுத அந்த நோட்டில் பெரும்பாலும் இடம் இருக்காது. மதுரை மாவட்டத்தில் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களில் முகாம் போடும்போது நடக்கிற தவறுகளில் பாதிக்குமேல் இந்த நோட்டில்தான் ஆரம்பிக்கின்றன.

முதல் தவறு, கண்மாய் யாருடையது என்று கேட்காமல் இறங்குவது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைவான கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது பொதுப்பணித்துறை கண்மாய் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது அது நீர்வளத்துறை. ஊராட்சித் தலைவர் 'செய்யுங்கப்பா' என்று சொன்னது பெரிய கண்மாய்க்குப் போதாது. உதவிப் பொறியாளருக்குத் தனியாகக் கடிதம் கொடுக்க வேண்டும். மீன் பிடிக்கும் உரிமையான மீன் பாசி குத்தகை யாரிடம் இருக்கிறது, உள்வாயில் (கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பகுதியில்) நிற்கும் மரங்கள் ஏலம் போயிருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். ஏலம் எடுத்தவரின் மரத்தைச் சேவை என்று நினைத்து வெட்டிவிட்டால், மறுநாள் முகாம் வாசலில் பஞ்சாயத்துதான்.

சீமைக்கருவேலம்

மாணவர்கள் மிக ஆசையாகக் கையில் எடுக்கும் வேலை, இந்த மரத்தை அகற்றுவது. மிக அதிகமாகச் சொதப்புவதும் இதில்தான். தரைமட்டத்தில் அரிவாளால் வெட்டிவிட்டு, வெறும் கரையைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அடிக்கட்டையில் உறங்கும் மொட்டுகள் உண்டு. ஒற்றைத் தண்டாக நின்ற மரம், மழை பெய்ததும் நாலைந்து கிளையாகப் புதர் கட்டும். வெட்டாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது. தரைக்குக் கீழே ஓர் அடியாவது தோண்டி, வேர் தொடங்கும் தடித்த பகுதியோடு எடுத்தால்தான் அது சாகும். முற்றிய மரத்தில் இந்த வேலைக்கு ஜேசிபி வேண்டும். ஐம்பது மாணவர்களின் கடப்பாரை போதாது.

மாணவர்களால் உருப்படியாகச் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. கார்த்திகையில், மண் ஈரமாக இருக்கும்போது, முழங்கால் உயரத்துக்கு உள்ளே இருக்கும் கன்றுகளை வேரோடு பிடுங்குவது. தடித்த தோல் கையுறை, ஒரு மம்பட்டி இருந்தால் போதும். படத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் அடுத்த வருடம் கரையில் தெரியும். காய் முற்றியிருக்கும் கிளைகளைத் தெரு வழியாக இழுத்துப் போகாதீர்கள். சிந்திய காயை ஆடு தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு விழும், அது விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும். இந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளே ஏறும். அதனால் தடித்த அடியுள்ள ஷூ இல்லாதவரைக் கரையில் இறக்க வேண்டாம். குத்தினால் மண்ணைப் பூசிவிட்டு வேலையைத் தொடராமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி டிடி ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய விபத்து, நாட்டுக்கருவேலத்தை வெட்டிவிடுவது. நம் கண்மாய்களின் உள்வாயில் கொக்கும் நாரையும் அடைவது இந்த மரங்களில்தான். நகரத்துப் பிள்ளைகளுக்கு இரண்டும் முள் மரம், அவ்வளவே. பூவைப் பாருங்கள்: நாட்டுக்கருவேலத்தின் பூ உருண்டையான மஞ்சள் பந்து, சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்கு வெளிறிய கதிர். காயைப் பாருங்கள்: நாட்டுக்கருவேலத்தில் மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே இறுகியிருக்கும்; சீமைக்கருவேலத்தில் பழுத்தால் வெளிர் மஞ்சளாக, கடித்தால் இனிப்பாக இருக்கும். பூவும் காயும் இல்லாத பருவமாக இருந்தால், ஆடு மேய்க்கிற ஒருவரை அன்றைக்குக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். தாவரவியல் படித்தவரைவிட வேகமாகச் சொல்லிவிடுவார்.

'பத்தாயிரம் பனை விதை'

பிளெக்ஸில் இப்படிப் போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பனைக்குப் பனை 10 அடி இடைவெளி வேண்டும். ஒரு குழிக்கு இரண்டு விதை என்றால் பத்தாயிரம் விதைக்கு ஐயாயிரம் குழி, அதாவது 50,000 அடிக் கரை. கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர்! அந்த ஊர்க் கண்மாய்க்கரை மொத்தமே அரை கிலோமீட்டர்தான் என்றால் அங்கே விழுவது 164 குழி. 330 விதை போதும். மிச்சத்தை என்ன செய்தார்கள் என்று கேட்டால், ஒரே குழியில் கொட்டி மூடியது தெரியவரும்.

பனம்பழம் உதிர்வது ஆவணி, புரட்டாசியில். அப்போது பொறுக்கிய விதையை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அரை அடி ஆழத்தில் ஊன்ற வேண்டும். முகாம் மாசியில் என்பதற்காக விதையைச் சாக்கில் கட்டி மாசி வரை வைத்திருந்தால், சாக்குக்குள்ளேயே முளைவிடும், இல்லையென்றால் காய்ந்து போகும். முளைவிட்டதை ஊன்றியும் பயனில்லை. பனை முதலில் மேலே வராது. விதையிலிருந்து ஒரு குழல் நேராகக் கீழே இறங்கி, மண்ணுக்குள்தான் கிழங்கு கட்டும். அந்தக் குழல் எடுக்கும்போதே ஒடிந்துவிடும். ஓலை தலைகாட்டப் பல மாதம் ஆகும். அதுவரை அங்கே விதை இருப்பது யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைக்காவிட்டால் புல் செதுக்குபவரின் மண்வெட்டிக்கு இரையாகும். இன்னொரு ஆபத்தும் உண்டு: புரட்டாசியில் ஊன்றியது தைப்பொங்கலுக்குச் சரியாகக் கிழங்கு ஆகியிருக்கும். ஊர்ப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் தோண்டி அவித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஊன்றும் இடம் கரையின் வெளிச்சரிவு. கரையின் மேல்தளத்தில் வைத்தால் வண்டிப்பாதை அடைபடும், பின்னால் மராமத்துக்கு வரும் ஜேசிபி முதலில் அதைத்தான் பிடுங்கும். தண்ணீர் திறந்துவிடும் மடைக்கும், நிரம்பிய தண்ணீர் வழியும் மறுகாலுக்கும் பக்கத்தில் எதையும் நடாதீர்கள். கரைமேல் ஆலும் அரசும் வேண்டவே வேண்டாம். பெருங்காற்றில் அவை சாய்ந்தால் கரையையும் பெயர்த்துக்கொண்டு சாயும். கரையை உயர்த்துகிறோம் என்று கரையின் அடியிலேயே மண் வெட்டி மேலே கொட்டுவதும் இதே ரகம். மேலே ஒரு சட்டி ஏறும்போது கீழே ஒரு சட்டி பலம் போகிறது. மண்ணை உள்வாயில், கரையிலிருந்து நன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். எங்கே எடுக்கலாம் என்பதை வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவரான, அந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சியிடம் கேளுங்கள்.

மரக்கன்று நடுவது பற்றிச் சுருக்கமாக: மாசி முகாமில் நடாதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் கன்று ஒன்றுக்கு வாரம் இருமுறை 10 லிட்டராவது ஊற்ற வேண்டும். நூறு கன்றுக்கு வாரம் 2,000 லிட்டர். ஊற்றப் போவது யார்? பதில் இல்லாவிட்டால் குழி மட்டும் வெட்டி வையுங்கள், 2 அடிக்கு 2 அடி. ஐப்பசியில் வந்து நடலாம்.

ஊருக்குள்

முகாமுக்கு ஊர் பார்க்கப் போகும்போது கழிப்பறையைத் திறந்து பார்க்காமல் வருவது சர்வ சாதாரணம். ஐம்பது பேரில் பாதிப் பேர் மாணவிகள் என்றால் தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் விழுகிற கழிப்பறை குறைந்தது நாலு வேண்டும். பள்ளிக் கட்டடம் கொடுக்கிறார்கள் என்பதால் பள்ளிக் கழிப்பறை இயங்குகிறது என்று ஆகாது.

ஊர்த் தெருவைக் கூட்டிவிட்டுக் காலனிக்குப் போகாமல் திரும்புவது மறதியால் நடந்தாலும் ஊர் அதை மறதியாக எடுத்துக்கொள்ளாது. தொடக்க விழா பந்தல் எங்கே போடுகிறீர்கள், மதியச் சாப்பாடு யார் வீட்டுத் திண்ணையில் என்பதையெல்லாம் இரண்டு பக்கமும் கவனித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் வேலையைக் காலனியில் தொடங்குங்கள். குடிநீர்த் தொட்டியோ வாய்க்காலோ அங்கேதான் பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

கணக்கெடுப்பு என்று வீடு வீடாகப் போய் ரேஷன் அட்டையையும் ஆதாரையும் போனில் படம் பிடிக்காதீர்கள். உங்கள் அறிக்கைக்கு அந்த எண்கள் எதற்கும் பயன்படாது. படம் மட்டும் ஐம்பது பேர் போனில் கிடக்கும்.

பிளாஸ்டிக் பொறுக்கி மூட்டை கட்டுவதற்கு முன், அது எங்கே போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஊராட்சித் தூய்மைக் காவலர்களிடம் முந்தின நாளே நேரம் பேசுங்கள். முக்குரோட்டில் அடுக்கி வைத்துவிட்டுப் பஸ் ஏறினால், ராத்திரி நாய் கிழித்துவிடும், இல்லையென்றால் யாராவது கொளுத்திவிடுவார்கள்.

மலையடிவார ஊர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கீழக்குயில்குடி சமணர் மலை, மாங்குளம், அரிட்டாபட்டி போன்ற இடங்களில் பாறையில் கிறுக்கிய பெயர்களை அழிக்கிறோம் என்று கம்பி பிரஷ்ஷோ ஆசிடோ எடுத்துப் போகவே கூடாது. சமணத் துறவிகளின் கற்படுக்கைக்கு மேலே தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் 2,000 ஆண்டுக்கும் மேலாக நிற்கின்றன. பெயிண்டோடு சேர்ந்து பாறையின் மேல்தோலும் போய்விடும். படம் எடுக்க வசதியாக எழுத்துக்குள் சாக்பீஸ் தீட்டுவதும் தவறுதான். மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் எழுத்து தானே தெரியும். பெயிண்டை எடுப்பது தொல்லியல் துறையின் வேலை. பாறையைச் சுற்றிக் கிடக்கும் பாட்டில் துண்டுகளைப் பொறுக்குவது உங்கள் வேலை. அரிட்டாபட்டி 2022-ல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம். அங்கே மைக்செட்டும் வேண்டாம்.

ரத்ததானம்

கல்லூரிக்குள் நடக்கும் சேவைகளில் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ளது இதுதான். தவறு பெரும்பாலும் தேதியில். எல்லாக் கல்லூரியும் ஒரே விழா நாளில் முகாம் வைத்தால் ரத்த வங்கியில் பை குவியும். தட்டணுக்கள் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, சிவப்பணுக்களுக்கும் 35 முதல் 42 நாள்தான் ஆயுள். ஏப்ரல், மே விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போனதும் கேட்கிறவர்களுக்குக் கிடைக்காது. அதனால் தேதியை நீங்களே முடிவு செய்யாமல், ரத்த வங்கியிடம் 'எந்த வாரம் உங்களுக்குக் குறையும்?' என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால்தான் 350 மில்லி எடுப்பார்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. வருகைப்பதிவு தருகிறோம் என்று வகுப்பு வகுப்பாக அனுப்புவதுதான் இதில் ஆகப்பெரிய தவறு. பச்சை குத்தியதையும் போன வாரக் காய்ச்சலையும் அந்த ஒரு நாள் வருகைக்காக மறைப்பார்கள். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வரிசையில் நிற்பார்கள், பத்தாவது ஆள் மயங்கி விழுந்ததும் பின்னால் நிற்கும் இருபது பேர் கலைவார்கள். வருகைப்பதிவைக் கொடுப்பதாக இருந்தால், பரிசோதனை மேசை வரை வந்து 'உங்களால் இன்றைக்கு முடியாது' என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் கொடுங்கள்.