பாபநாசம், அம்பைப் பக்கம் ஒரு நாள்: தாமிரபரணியில் இறங்கும் முன்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை தாமிரபரணி ஓடுவது சுமார் 125 கிலோமீட்டர். அதில் அலைச்சல் இல்லாமல் ஒரு நாளில் பார்க்க ஏற்றது நெல்லை மாவட்டத்தின் பாபநாசம், அம்பாசமுத்திரம் (அம்பை), திருப்புடைமருதூர் பகுதி. மேலிருந்து கீழாக வாருங்கள்: காலையில் அருவி, பிறகு படித்துறை, மாலையில் பறவைகள்.

முதல் நாளே வானிலையோடு அணை நிலவரத்தையும் பாருங்கள். நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் தினமும் வரும். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கத்தால் இணைந்தவை, ஒன்று நிரம்பினால் மற்றதும் நிரம்பும். நீர்மட்டம் முழு உயரத்தை நெருங்கி, நீர்வரத்தும் கூடிக்கொண்டிருந்தால் உபரி நீரை எந்நேரமும் திறப்பார்கள். பாபநாசத்தில் வெயில் அடித்தாலும் மலையில் கொட்டிய மழை ஆற்றில் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு என இந்த மலைக்கு இரண்டு மழையும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளம் இரண்டாவதில் வந்தது. ஆற்றில் குளிக்க நிதானமான மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை.

நெல்லை புதிய பேருந்து நிலையத்திலிருந்து பாபநாசத்துக்குப் பேருந்து உண்டு. ரயிலில் வருவோர் செங்கோட்டை வண்டியில் அம்பாசமுத்திரத்தில் இறங்கி, விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பேருந்தில் போகலாம்.

அகத்தியர் அருவிக்குப் போகும் வழியில் வனத்துறை சோதனைச்சாவடி இருக்கிறது. இது 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லை. பிளாஸ்டிக், மது, சோப்பு, ஷாம்பு எதுவும் உள்ளே போகாது. பையைத் துழாவிப் பார்ப்பார்கள் என்பதால் அவற்றை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டால் வரிசையில் நேரம் மிச்சம். கோடையிலும் பெரும்பாலும் தண்ணீர் விழும் அருவி இது. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், அதனால் சாவடியிலேயே கேட்டுவிட்டு மேலே போங்கள். குரங்குகள் தின்பண்டப் பையைக் குறிவைத்தே வரும். குளிக்கும்போது துணியையும் பையையும் தனியே விடாமல் ஒருவரைக் காவலுக்கு வையுங்கள்.

மதியத்துக்கு முன் பாபநாசநாதர் கோயிலுக்கு இறங்கிவிடுங்கள். உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். கோயிலுக்கு எதிரே படித்துறை. பொரி தூவினால் மீன்கள் கூட்டமாக மேலே வரும், குழந்தைகள் நகர மாட்டார்கள்.

குளிக்கும் முறைக்கு வருவோம். இறங்கியதும் தண்ணீர் எந்தப் படியைத் தொடுகிறது என்று பார்த்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். ஒரு படி மூழ்கியிருந்தாலோ, தெளிந்த தண்ணீர் கலங்கலானாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, பேசிக்கொண்டிருக்காமல் எல்லோரும் கரையேறிவிடுங்கள். பாசி படிந்த படியில் முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுவதும் பதித்து, பக்கவாட்டில் இறங்குங்கள். நேராகக் குதிகாலை ஊன்றினால் வழுக்கும். இடுப்பளவு தண்ணீர் போதும். ஆற்றின் தரை சமமாக இருக்காது, மணல் அள்ளிய பள்ளமும் பாறையடிக் கசமும் (ஆழமான நீர்க்குழி) ஒரே எட்டில் ஆளை மூழ்கடித்துவிடும். மேலே அமைதியாக, கரும்பச்சையாகத் தெரியும் இடம் பெரும்பாலும் கசம்தான்.

இங்கே இன்னொரு ஆபத்து துணி. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அது பாறையைச் சுற்றிக்கொண்டு, மணலில் பாதி புதைந்து, அடுத்து குளிப்பவரின் காலில் கண்ணியாக மாட்டுகிறது. டன் கணக்கில் அள்ளியும் தீரவில்லை. மீனுக்கும் கேடு, ஆற்றுக்கும் கேடு. தயவுசெய்து ஈரத்துணிக்கென்று ஒரு பை கொண்டுவந்து, திரும்ப வீட்டுக்கே எடுத்துப் போங்கள். காலில் துணி சுற்றிவிட்டால் உதறாதீர்கள், இழுக்க இழுக்க இறுகும். மூச்சைப் பிடித்துக் குனிந்து கையால் விடுவியுங்கள்.

அணைக்கட்டுகளுக்குக் கீழே ஒருபோதும் குளிக்காதீர்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் பள்ளம் பறித்து, மேற்பரப்பில் சுவரை நோக்கியே சுருண்டு திரும்பும். அங்கே ஒரு கட்டை மிதந்தால் ஓட்டத்தோடு போகாமல் ஒரே இடத்தில் உருண்டுகொண்டிருக்கும். மனிதரையும் அப்படித்தான் பிடித்து வைக்கும், நீச்சல் தெரிந்தவரும் தப்புவது அரிது.

ஓட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து, காலை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்குங்கள். இன்னொருவர் தத்தளித்தால் பின்னால் குதிக்க வேண்டாம். எட்டு முழ வேட்டி மூன்றரை மீட்டருக்கு மேல் வரும், சேலை ஐந்து மீட்டருக்கு மேல். ஒரு நுனியில் முடிச்சுப் போட்டு நனைத்தால் கனத்து நன்றாக வீசவரும். மறுநுனியைக் கையில் சுற்றாமல் இறுகப் பிடித்து, படுத்துக்கொண்டு இழுங்கள். நின்றபடி இழுப்பவரையும் ஆறு சேர்த்துக்கொள்ளும். உடனே 108-ஐ அழையுங்கள்.

மணிமுத்தாறு அருவிக்கும் நேரமிருந்தால் போகலாம். அதன் தடாகம் மிக ஆழம், கம்பி வேலிக்குள் நின்றே குளிக்க வேண்டும். வழியில் கல்லிடைக்குறிச்சியில் உளுந்து அப்பளம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாலை நான்கரைக்குள் திருப்புடைமருதூரில் இருங்கள். வீரவநல்லூர்ப் பக்கம் கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடம். 2005-இல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக (conservation reserve) அறிவிக்கப்பட்ட சிறிய பரப்பு. ஆற்றங்கரை மருத மரங்களுக்கு ஜனவரி முதல் மே வரை மஞ்சள் மூக்கு நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் அடைய வரும். மரத்தடிக்கே போனால் பறவைகள் கலைந்துவிடும், திறந்து கிடக்கும் முட்டையையும் குஞ்சையும் காகம் தூக்கிப்போகும். ஐம்பதடி தள்ளி, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எச்சம் விழும், தொப்பி அவசியம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் மரச்சிற்பமும் சுவரோவியமும் உண்டு. ஏறிப் பார்க்கக் கோயிலில் அனுமதி கேட்க வேண்டும், அதனால் இருட்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டுப் பறவைகளிடம் வாருங்கள்.