வீட்டில் செய்த எல்சிடி ப்ரொஜெக்டரில் படம் சரியில்லையா? முதலில் பேனலைக் கழற்றி வையுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போதுதான் எனக்கு இந்த வேலைக்கு முழு நேரம் கிடைக்கும். மண்டபத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ப்ளைவுட் பெட்டி, 7 இஞ்ச் பேனல், 100 வாட் எல்இடி எல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் தெருத் தம்பிகளும் அவரவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, லென்ஸ் சரியில்லண்ணே, வேற வாங்கணும்."

வாங்காதீர்கள். நான் பார்த்த பெட்டிகளில் லென்ஸ் உண்மையிலேயே கெட்டிருந்தது அபூர்வம். தூரம் தப்பாக இருக்கும், சூடு ஏறியிருக்கும், இல்லையென்றால் உப்புக்காற்று வேலையைக் காட்டியிருக்கும். பெட்டிக்குள் வரிசை இதுதான்: எல்இடி விளக்கு, பின் ஃப்ரெனல் (வட்ட வட்டமாக வரி வெட்டிய தட்டை பிளாஸ்டிக் லென்ஸ்), பின்விளக்கு (பேக்லைட்) கழற்றிய எல்சிடி பேனல், முன் ஃப்ரெனல், கடைசியில் லென்ஸ், எதிரே சுவர்.

பேனலை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்ப்பதுதான் முதல் தவறு. பேனலைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் கட்டம் கட்டமாகக் கோடு பிரிண்ட் எடுத்த ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றை வையுங்கள். சுவரில் அந்தக் கோடுகள் மூலைவரை கூர்மையாக, ஒரே வெளிச்சத்தில் விழுந்தால் உங்கள் ஒளிப்பாதை சரி, குறை பேனலிலோ போர்டிலோ இருக்கிறது. கோடுகளே மங்கலாக இருந்தால் பேனலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜெராக்ஸ் கடையில் ஒரு ஷீட்டுக்கு ஆகும் செலவில் முடிகிற சோதனை இது, ஆனாலும் பலர் செய்வதில்லை.

நடுவில் பளீரென்று வெளிச்சம், நான்கு மூலையும் இருட்டு என்றால் எல்இடிக்கும் பின் ஃப்ரெனலுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அந்த ஃப்ரெனலின் குவியத்தூரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் எல்இடி இருக்க வேண்டும், நடுப்புள்ளியும் ஒரே கோட்டில் வர வேண்டும். பிறகு லென்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், எல்இடியின் மஞ்சள் சதுரம் சின்னதாக அந்தத் தாளில் தெரிய வேண்டும். அது லென்ஸுக்கு முன்னாலோ பின்னாலோ குவிந்தால் ஓர வெளிச்சம் லென்ஸுக்குள் நுழையாமல் வெளியே போய்விடும். எல்இடியை நேராகப் பார்க்காதீர்கள், தாளை மட்டும் பாருங்கள். ஃப்ரெனலைத் திருப்பி மாட்டுவதும் இதே கோளாறைத் தரும்: இரண்டு ஃப்ரெனலின் வரிப் பக்கமும் பேனலைப் பார்க்க வேண்டும், வழவழப்பான பக்கம் ஒன்று விளக்கையும் மற்றது லென்ஸையும் பார்க்க வேண்டும். படத்தின் மேல் வட்ட வட்டமாகக் கோடு தெரிந்தால் முன் ஃப்ரெனல் பேனலை ஒட்டி நிற்கிறது என்று அர்த்தம், 1 முதல் 2 செ.மீ. வரை தள்ளி வைத்துப் பாருங்கள், மறைந்துவிடும்.

ஃபோகஸ் கிடைக்காமல் அவதிப்படுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். குவியத்தூரம் 200 மி.மீ. உள்ள லென்ஸ், சுவர் இரண்டரை மீட்டர் என்றால் லென்ஸிலிருந்து பேனல் சுமார் 217 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். சுவரை 4 மீட்டருக்குத் தள்ளினால் 210 அல்லது 211 மி.மீ. அதாவது சுவர் ஒன்றரை மீட்டர் நகர்ந்தாலும் லென்ஸ் நகர்வது 7 மி.மீ. அளவுதான். இதனால்தான் லென்ஸைக் கையால் தள்ளித் தள்ளி ஃபோகஸ் பார்ப்பவருக்கு அது சிக்குவதே இல்லை, வழுக்கிப் போய்விடுகிறது. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரண்டு பிவிசி குழாய் போதும், ஆனால் மெதுவாக நகர வேண்டும். 200 மி.மீ.க்கும் குறைவான தூரத்தில் லென்ஸை ஆணி அடித்துவிட்டால் எந்தச் சுவரிலும் படம் விழாது. அதே கணக்கில் இரண்டரை மீட்டரில் 80 இஞ்ச் வரும் படம் 4 மீட்டரில் 130 இஞ்சுக்கு மேல் போகும், வெளிச்சமோ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். பெரிய படம் வேண்டும் என்ற ஆசையில் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு "மங்கலா இருக்கு" என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

எழுத்து கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடவலம் மாறித் தெரிந்தால் பேனலின் முன்பக்கம் லென்ஸைப் பார்த்து நிற்கிறது. முன்பக்கம் விளக்கைப் பார்த்து, தலைகீழாக மாட்டுங்கள். படம் மேலே அகலமாக, கீழே குறுகலாக வருகிறதா, பெட்டியைச் சாய்த்து வைத்திருக்கிறீர்கள், அடியில் இரண்டு மீன் பெட்டியைக் கவிழ்த்து உயரம் கொடுத்து நேராக வையுங்கள்.

அப்புறம் சூடு. படம் ஓடும்போது நடுவில் கருப்பாக ஒரு திட்டு பரவினால் உடனே விளக்கை அணைத்துவிடுங்கள், ஃபேன் மட்டும் ஓடட்டும். திரவப் படிகம் சூட்டில் தன் ஒழுங்கை இழந்ததால் வந்த கருமை அது, ஆறினால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் பழுப்பு மஞ்சளாக நிறம் மாறினால் போலரைசர் (பேனலில் ஒட்டியிருக்கும் ஒளி வடிகட்டும் படலம்) கருகிவிட்டது, அது திரும்பாது. என் முதல் பேனலை இப்படித்தான் இழந்தேன். எல்இடியில் சூட்டுக் கதிர் குறைவுதானே, பேனலுக்குத் தனியாகக் காற்று எதற்கு என்று விட்டுவிட்டேன். பேனலில் உள்ள போலரைசர் விழும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது, விழுங்கியதெல்லாம் சூடாக மாறுகிறது, இது எனக்கு அப்போது தெரியாது. எல்இடியின் சூட்டை வாங்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்குக்கு ஒரு ஃபேன், பேனலின் இரண்டு பக்கமும் காற்று தடவிப் போக இன்னொரு ஃபேன் என்று பிரித்து வைத்தால்தான் நம் ஊர் மே மாதத்தைத் தாங்கும்.

ஃபேன் இழுக்கிற காற்றில் மணலும் உப்பும் இருக்கிறது, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். காற்று நுழையும் துளையில் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள். படத்தில் கூர்மையான கரும்புள்ளி தெரிந்தால் தூசி பேனல் மேல் இருக்கிறது, கலங்கலான புள்ளி என்றால் ஃப்ரெனல் மேல், படம் முழுக்கப் புகை மாதிரி என்றால் லென்ஸில் உப்புப் படலமோ பூஞ்சையோ. இதைத் தெரிந்துகொண்டால் எல்லாவற்றையும் பிரித்துத் துடைக்க வேண்டியதில்லை. ஃப்ரெனலை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது. அக்ரிலிக் நுணுக்கமாக வெடித்துவிடும், சோப்புத் தண்ணீரே போதும், வரியின் போக்கிலேயே மெதுவாகத் துடைக்க வேண்டும்.

மேலிருந்து கீழாக ஒரு கோடு வந்தால் ரிப்பன் கேபிளைக் கனெக்டர் பக்கம் லேசாக அழுத்துங்கள். கோடு போய்விட்டுத் திரும்பி வந்தால் கனெக்டரில் பச்சை பூத்திருக்கும், கரண்டை எடுத்துவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். அழுத்தியும் மாறாத கோடு, ரிப்பன் பேனல் கண்ணாடியோடு ஒட்டிய இடத்தில் விட்டுப்போனதால் வருவது, வீட்டில் சரிசெய்ய முடியாது. பேக்லைட்டைப் பிரிக்கும்போது போர்டை வெளிச்சத்திலிருந்து விலக்க அந்த ரிப்பனைச் சட்டென்று மடக்குகிறோமே, பெரும்பாலும் அங்கேதான் அது தொடங்குகிறது. மடிப்பு விழாமல் வளைவாக விடுங்கள்.

படம் முடிந்ததும் விளக்கை அணைத்து 10 நிமிடம் ஃபேன் ஓடட்டும். பெட்டி நன்றாக ஆறிய பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து உள்ளே போட்டு, பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள்.