கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் முறை

"மதினி, கயிறு அத்து வாளி உள்ள போயிருச்சு. பாதாளக்கரண்டி இருந்தாக் குடுங்க." திருப்புல்லாணிப் பக்கம் எங்கள் தெருவில் கோடை பிறந்தால் இப்படி யாராவது வந்து நிற்பார்கள். குழாய் வந்துவிட்டது என்று கரண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களும் வருவார்கள்.

ஓர் இரும்பு வளையம், அதில் குட்டைச் சங்கிலிகள், சங்கிலி நுனியில் கொக்கிகள். எந்தப் பக்கம் உரசினாலும் ஏதாவது ஒன்று மாட்டும். கீழேழு உலகில் கடைசியானது பாதாளம். அவ்வளவு ஆழத்தில் கிடப்பதையும் அள்ளி வரும் என்றுதான் இந்தப் பேர். பாதாளக் கொலுசு என்பவர்களும் உண்டு.

விழுந்தவுடன் கரண்டியைப் போடாதீர்கள். கலங்கிய மணல் அடங்கட்டும். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து ஒளியைக் கிணற்றுக்குள் திருப்புங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் வாளி கிடக்கும் இடம் தெரியும். கயிறு கிணற்றின் ஆழத்தைவிட ஒரு பாகமாவது, அதாவது இரண்டு கையையும் விரித்த அளவாவது, நீளமாக இருக்கட்டும். மறுமுனையைத் தூணில் கட்டிவிடுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

கரண்டி தரையைத் தொட்டதும் கயிறு தொய்யும். அரைச் சாண் தூக்கி, சுவரோரமாக மெதுவாக இழுத்துக்கொண்டே கிணற்றைச் சுற்றி வாருங்கள். வெடுக்கென்று இழுத்தால் மாட்டியதும் கழன்றுவிடும். வாளியோடு அறுந்த கயிறும் கிடந்தால் நல்லது, கொக்கி அதைச் சுலபமாகப் பிடிக்கும். குடம் என்றால் வாய் விளிம்பில்தான் மாட்டும், அதற்கு ரொம்பப் பொறுமை வேண்டும்.

மாட்டிவிட்டது என்று குதிக்காதீர்கள். தண்ணீருக்குள் வாளி கனக்காது. மேலே தலை காட்டும்போதுதான் முழுக் கனமும் கொக்கியில் இறங்கும். 10 லிட்டர் வாளி என்றால் 10 கிலோ தண்ணீர். பெரும்பாலும் நழுவுவது அங்கேதான். அந்த இடத்தில் நிறுத்தி, இன்னொருவரையும் பிடிக்கச் சொல்லி, ஆட்டாமல் தூக்குங்கள்.

கிடைக்கவில்லை என்றால் மறுநாள் பாருங்கள். பிள்ளைகளை மட்டும் உள்ளே இறக்கிவிடாதீர்கள், பழங்கிணற்றில் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் தடவுங்கள். நம் உப்புக்காற்றில் கொக்கி முனைதான் முதலில் துருப்பிடிக்கும். இரவல் கொடுத்தால் ஈடாக ஒரு செம்பாவது வாங்கி வைப்பது வழக்கம். அதை நான் இன்றும் விடவில்லை. அடுத்த வீட்டுக்கு வாளி விழும்போது கரண்டி இங்கே இருக்க வேண்டுமே.