பேரிங் ஆனதோடு வேலை முடிவதில்லை: வீட்டு வயர்லெஸ் அலாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியம்மா வீட்டில் மூன்று ராத்திரி தொடர்ந்து சைரன் அலறியது. ஒவ்வொரு முறையும் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால் கூடத்தில் யாரும் இல்லை. நாலாம் நாள் போன் பண்ணினார்: "தம்பி, தூக்கமே போச்சுப்பா. அதை அணைச்சு வச்சுட்டேன். நீ வரும்போது பார்த்துக்கலாம்."

போய்ப் பார்த்தேன். மோஷன் சென்சாரைக் கூடத்து டியூப்லைட்டுக்கு நேர் கீழே, ஒரு சாண் தள்ளி ஒட்டியிருந்தார்கள். அதன் மேல்விளிம்பில் பல்லி எச்சம். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி ஓடுகிற வழியில் சென்சார். பல்லி சின்ன உயிர்தான், உடம்பில் சூடும் கிடையாது. ஆனால் லென்ஸ் மேலேயே ஏறிவிட்டால் சென்சாரின் பார்வை மொத்தத்தையும் அது மறைக்கிறது. உள்ளே இருக்கும் கருவிக்கு அது ஓர் ஆள் குறுக்கே போன மாதிரித்தான். சென்சாரை விளக்கில்லாத மூலைக்கு மாற்றி, பின்பக்க இடுக்கை அடைத்தேன். அதன் பிறகு அந்த வீட்டில் பொய் அலாரம் வரவில்லை.

அந்த சென்சாரில் பழுது எதுவும் இல்லை. எல்லா சென்சார்களின் செய்தியையும் வாங்கிச் சைரனுக்கும் போனுக்கும் அனுப்பும் நடுப் பெட்டியான ஹப்புடன் சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. பொருத்த வந்தவர் பேரிங் முடிந்து, அதாவது கருவிகளை ஒன்றோடொன்று சேர்த்து, ஆப்பில் 'இணைந்தது' என்று பார்த்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிட்டார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒன்றுதான்: அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன. நடுராத்திரியில், கதவெல்லாம் சாத்தியிருக்கும்போது, கரண்ட் இல்லாதபோது என்ன ஆகும் என்று அது சொல்வதில்லை. நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

யார் போனில் பதிவாகிறது?

முதல் தவறு பெட்டியைப் பிரிக்கும்போதே நடக்கிறது. பொருத்த வருகிறவர் அவசரத்தில் தன் போனிலேயே ஆப்பைத் திறந்து, தன் நம்பருக்கு ஓடிபி வாங்கி, ஹப்பைப் பதிவு செய்துவிட்டு, பிறகு வீட்டுக்காரரை 'ஷேர்' மூலம் சேர்த்துவிடுகிறார். உங்கள் போனில் எல்லாம் தெரியும். சைரன் அடிக்கும், கேமரா ஓடும். ஆனால் அந்த வீட்டின் உரிமையாளர் கணக்கு உங்களுடையது அல்ல. உங்கள் வீட்டுக் கேமராவை அவர் எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் போன் தொலைந்தால்? நம்பரை மாற்றினால்? ஹப்பை ரீசெட் செய்தாலும், பல தயாரிப்புகளில் பழைய கணக்கிலிருந்து விடுவித்தால்தான் புதுக் கணக்கில் ஏறும். ஆகவே அவர் வருவதற்கு முன்பே உங்கள் போனில் ஆப்பைப் போட்டு, உங்கள் நம்பரில் கணக்கு தொடங்கி வையுங்கள். க்யூஆர் கோடை உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பழைய பொருளை யாரிடமாவது வாங்கினாலும் இதே கதைதான்: காசு கொடுக்கும் முன் அவர் கணக்கிலிருந்து நீக்க வைத்து, கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அப்படியே விடுவதும் இந்தத் தவறோடு பிறந்த தவறு. 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும், கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிகளையும் பிடித்தது. அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த 60-க்கும் மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த அக்டோபர் 21 அன்று, பிடிபட்ட கருவிகளை ஏவி இணையதளப் பெயர்களை முகவரியாக்கித் தரும் 'டைன்' (Dyn) நிறுவனத்தின் சர்வர்களை முடக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் போடுங்கள்.

வைஃபை சேராமல் அடம் பிடிக்கும்போது

கேமராவைச் சேர்க்கும்போது அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெரும்பாலான வீட்டுக் கேமராக்களும் வைஃபை சென்சார்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசுபவை. இன்றைய மோடங்கள் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் விடுகின்றன. உங்கள் போன் 5-இல் உட்கார்ந்திருக்கும், கேமராவுக்கு அது காதிலேயே விழாது. நாலு முறை முயன்றுவிட்டு, பொருள் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. மோடத்தின் செட்டிங்கில் 5-ஐக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுச் சேருங்கள், அல்லது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தாலும் பழைய கருவிகள் சேராது. போனில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலோ, ஆப்புக்கு லொகேஷன், புளூடூத் அனுமதி தராமல் இருந்தாலோ பேரிங் பாதியில் நிற்கும்.

மோடத்தை மாற்றும் நாளையும் சொல்லிவிடுகிறேன். புது மோடத்துக்குப் புதுப் பெயர் வைத்த அடுத்த நொடி வீட்டிலுள்ள வைஃபை கருவிகள் எல்லாம் அறுந்து போகும். பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்தால் பெரும்பாலும் அவையே திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும்.

வைஃபைக்குப் பதில் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் ஹப்போடு பேசும் சென்சார்களும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகின்றன. ஹப்பை மோடத்தின் முதுகில் ஒட்டி வைத்தால் ஒன்றின் சத்தத்தில் மற்றதன் பேச்சு கேட்காது. ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஜிக்பீயில் இன்னொரு பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும்: ஹப்பின் செய்தியை வாங்கி அடுத்த அறைக்குக் கடத்துவது கரண்டில் ஓடும் கருவிகள்தான். பேட்டரி சென்சார்கள் கடத்தாது. ஆகவே ஸ்மார்ட் பிளக் போன்றவற்றை முதலில் சேர்த்து நிரந்தர இடத்தில் வைத்துவிட்டு, பேட்டரி சென்சார்களைப் பிறகு, அவை இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துச் சேர்ப்பது நல்லது.

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி

மகனோ மகளோ விடுமுறைக்கு வரும்போது ஒரு செட் வாங்கி வருவார்கள். அன்போடு வாங்கி வந்தது. ஆனால் ரேடியோ அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். இசட்-வேவ் என்ற வயர்லெஸ் முறை அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ஐரோப்பாவில் 868, இந்தியாவில் 865. இங்கே வாங்கிய ஹப்பும் அங்கே வாங்கிய சென்சாரும் எவ்வளவு பக்கத்தில் வைத்தாலும் ஒன்றையொன்று கேட்காது. அங்கிருந்தே ஹப்பையும் சேர்த்துக் கொண்டுவந்தால் இரண்டும் தமக்குள் பேசிக்கொள்ளும், ஆனால் இந்தியாவில் அந்த அலைவரிசை இப்படிப்பட்ட கருவிகளுக்காகத் திறந்துவிடப்பட்டது அல்ல.

இதைவிட ஆபத்து வீடியோ காலிங் பெல். அமெரிக்க வீடுகளில் பெல்லுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 16 முதல் 24 வோல்ட் வரும், பெல்லும் அதற்கேற்பச் செய்தது. நம் வீட்டுக் காலிங் பெல் சுவிட்சுக்குப் பின்னால் பெரும்பாலும் நேராக 230 வோல்ட் நிற்கிறது. அந்த வயரில் இதைக் கோர்த்தால் கருவி கருகும், கையை வைத்தவர் உயிருக்கும் ஆபத்து. எம்சிபி-யை இறக்கிவிட்டு, எலெக்ட்ரீஷியனை அழைத்து, சரியான டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

கதவும் காந்தமும்

கதவு சென்சார் இரண்டு துண்டு: ஒன்றில் காந்தம், மற்றதில் ரேடியோ. ரேடியோ இருக்கும் துண்டை அசையாத நிலைச்சட்டத்திலும், காந்தத்தைத் திறந்து மூடும் கதவிலும் வைப்பது வழக்கம். மாற்றி வைத்தால் கதவை அடித்துச் சாத்தும் ஒவ்வொரு முறையும் அடி வாங்குவது எலெக்ட்ரானிக்ஸ்தான். இரண்டிலும் சின்னக் கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோடுகள் எதிரெதிரே வர வேண்டும். இடைவெளி வழக்கமாக ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

நம் வீடுகளில் சிக்கல் இரும்பில் வருகிறது. வாசலில் மரக்கதவு, அதற்கு முன்னால் கிரில் கேட். சிலர் 'திருடன் முதலில் தொடுவது கேட்டைத்தானே' என்று அதிலேயே சாதாரண சென்சாரை ஒட்டிவிடுகிறார்கள். காந்தத்தின் விசையை இரும்பு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மரத்தில் இரண்டு சென்டிமீட்டர் எட்டிய காந்தம் இரும்பில் ஒன்றுகூட எட்டாமல் போகலாம். ரேடியோ அலையையும் இரும்பு தடுக்கும். கேட்டுக்கு என்றே அகல இடைவெளி தாங்கும் உலோகக் கதவு சென்சார் இருக்கிறது, அதை வாங்குங்கள். இல்லையென்றால் மரக்கதவிலேயே வைத்துவிடலாம்.

மரக்கதவுக்கும் ஒரு குணம் உண்டு. ஐப்பசி மழையில் உப்பிக்கொள்ளும், வெயில் காலத்தில் சுருங்கும். சித்திரையில் பொருத்திய இடைவெளியை மழைக்காலத்தில் ஒரு தரம் பார்த்தே ஆக வேண்டும். கதவு முழுதாகச் சாத்த வராமல் நின்றால் ஆப் 'திறந்திருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும், அலாரமும் ஆர்ம் ஆகாது, அதாவது காவல் நிலைக்குப் போகாது.

ஒட்டும் டேப்பை நம்பாதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரிலும் டிஸ்டெம்பரிலும் டேப் ஒட்டுவது சுவரோடு அல்ல, மேலே இருக்கும் பொடியோடு. ஈரக்காற்றில் ஒரு நாள் பொத்தென்று விழும், சென்சாரை யாராவது கழற்றினால் காட்டிக்கொடுக்கும் டேம்பர் சுவிட்ச் விடுபட்டுச் சைரன் அடிக்கும். இரண்டு ஸ்க்ரூ போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மோஷன் சென்சார் பார்ப்பது எதை?

இந்த சென்சார் ஆளைப் பார்ப்பதில்லை. தன் எதிரே உள்ள பின்னணியின் சூட்டுக்கும், குறுக்கே வரும் உடம்பின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைப் பார்க்கிறது. இது புரிந்தால் எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். நேராக அதை நோக்கி நடந்து வருபவரைவிட, குறுக்கே கடப்பவரை அது சுலபமாகப் பிடிக்கும். அதனால் வாசலுக்கு நேர் எதிரே வைக்காமல், வருகிறவர் குறுக்கே கடக்கும்படி மூலையில், ஏழு எட்டு அடி உயரத்தில் வையுங்கள். வெயில் விழும் ஜன்னல், ஏசியின் காற்று, அடுப்பு, பூஜை விளக்கு இவை பார்வையில் படக் கூடாது. ஃபேன் காற்றில் திரைச்சீலை ஆடினாலும் அடிக்கும்.

நம் ஊர் வெயிலில் இன்னொன்றும் உண்டு. மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் சுவர் இரவிலும் 35 டிகிரியைத் தொட்டு நிற்கும். மனித உடம்பின் மேல்தோல் சூடும் ஏறத்தாழ அதேதான். வித்தியாசம் குறைந்தால் சென்சாரின் கண் மங்கும். வெப்பநிலைக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் மாடல்கள் இருக்கின்றன, மாடி அறைக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். குளிர்ந்த மார்கழியில் பார்த்துச் சரி என்று விட்டதை மே மாதத்தில் ஒரு தடவை நடந்து பாருங்கள்.

பேட்டரி, ஹப், பெயர்

பெட்டியில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதே பேட்டரிதான். 1.5 வோல்ட் கேட்கும் இடத்தில் 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி போட்டால் முதல் நாளே 'பேட்டரி குறைவு' என்று வரலாம்.

ஹப்பைப் பார்வைக்கு அழகாக டிவி அலமாரிக்குள்ளோ, இரும்பு பீரோ மேலோ, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், வாசலில் நிற்பவர் கண்ணில் படாத இடம் வேண்டும். காங்கிரீட் தளமும் நிறைந்த தண்ணீர்த் தொட்டியும் சிக்னலை நன்றாகத் தின்னும். மாடியில் தொட்டிக்கு அந்தப் பக்கம் கேமரா வைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஒவ்வொன்றையும் சேர்க்கும்போதே பெயர் வையுங்கள். 'டோர் சென்சார் 3 திறந்தது' என்று ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் தூக்கக் கலக்கத்தில் எந்தக் கதவென்று தெரியாது. 'கொல்லைக் கதவு' என்று வந்தால் பெரியவர்களுக்கும் உடனே புரியும். தமிழிலேயே எழுதலாம், பெரும்பாலான ஆப்புகள் ஏற்கும்.

கடைசியாக, மெயினை இறக்குங்கள்

பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் போகிறது. மோடம் சொருகிய பிளக் அதில் வராது. கரண்ட் போனால் ஹப்பின் உள் பேட்டரி ஓடும், சைரனும் அடிக்கும். ஆனால் வெளியூரில் இருக்கும் உங்கள் போனுக்கு எதுவும் வராது. மோடத்தையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள், அல்லது அவற்றுக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். சிம் போடும் ஹப் என்றால் சிம்மில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, மெயினை இறக்கி, அலாரத்தை ஆர்ம் செய்யுங்கள். வீட்டில் ஒருவர் வெளியே போய், ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்ளே நடந்து வரட்டும். இன்னொருவர் தெருமுனையில் மொபைல் டேட்டாவில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். எந்தக் கதவுக்கு எத்தனை நொடியில் செய்தி வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சைரன் அடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டதா என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால் சைரனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, இன்னொரு தரம் கதவைத் திறந்து பாருங்கள்.