கால்குலேட்டர் பீரோவுக்குள் போகட்டும்

துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இருந்துவிட்டு, பிள்ளையை டாக்டருக்குப் படிக்கவைக்க வேலூர் வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது வாடகை வீட்டைத்தான். காட்பாடியா, சத்துவாச்சாரியா, பாகாயமா? அதற்கு புரோக்கர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது, பிள்ளையின் பையில் கால்குலேட்டர் இருக்கிறதா?

இருந்தால் இன்றே பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். நீட் தேர்வில் எந்தக் கால்குலேட்டரும் கிடையாது. லாக் அட்டவணை, கைக்கடிகாரம் எதுவும் கூடாது. பேனாவையே அங்கேதான் தருவார்கள். தனி வெள்ளைத்தாளும் கிடையாது, கேள்வித்தாளிலேயே ஓரமாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். வேலூரின் சிஎம்சி மருத்துவக் கல்லூரி முன்பு தனியாகத் தேர்வு வைத்தது. இப்போது அங்கேயும் சரி, அடுக்கம்பாறை அரசுக் கல்லூரியிலும் சரி, எம்பிபிஎஸ் சேர நீட் வேண்டும்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டிலும் கால்குலேட்டர் இல்லை. பிரிட்டனில் அதே மாதிரித் தேர்வான யூகேட்டில்தான் திரையிலேயே ஒன்று வரும்.

என் அக்கா மகன் ஷார்ஜாவிலிருந்து வந்தவன். ஃபார்முலா எல்லாம் தலைகீழாகச் சொல்வான். முதல் மாதிரித் தேர்வில் 0.0821-ஐ 300-ஆல் பெருக்கவே இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. நீட்டில் 2025-இல் 180 கேள்வி, 180 நிமிடம். எங்கே போய் நிற்பது? நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக்கத்தரிக்காய் நிறுக்கிறவர் முக்கால் கிலோ விலையை வாயாலேயே சொன்னபோது, பையன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் தினமும் அரை மணி நேரம் கையால் கணக்குப் போட வைத்தோம். லாக் 2 என்றால் 0.30, லாக் 3 என்றால் 0.48, ரூட் 2 என்றால் 1.41, ரூட் 3 என்றால் 1.73. இவ்வளவு மனப்பாடமாக இருந்தாலே அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் கணக்கு பாதி முடிந்த மாதிரி. ஹைட்ரஜன் அயனிச் செறிவு 2 × 10⁻³ என்றால் 3-இல் 0.30 கழித்து 2.70. நான்கு விடைகளும் தள்ளித் தள்ளி இருந்தால் 9.8-ஐ 10 என்று வைத்துப் பாருங்கள், விடை தானாகக் கண்ணில் படும். கை பழக அவனுக்கு நாலு மாதம் பிடித்தது.

தேர்வன்று இன்னொன்று. 2025-இல் மதியம் 2 மணித் தேர்வுக்கு 1.30-க்கே கேட்டை மூடிவிட்டார்கள். மே மாத வேலூர் வெயில் தெரியும்தானே, செருப்போடு சீக்கிரமே கிளம்புங்கள். ஷூ போட்டால் விடமாட்டார்கள். பையை வாங்கி வைக்க அங்கே ஆள் கிடையாது, கூட வருகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.